சுவருக்கு அப்பால் கேட்ட இசை



தில்லியில் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் பலர், பிள்ளைகள் வளர்ந்ததும் தாழ்வாரத்தை மறைத்து ஓர் அறை எழுப்பிக் கொள்கிறார்கள். அரைச் செங்கல் சுவர். அங்கே தும்மினால் இங்கே 'நூறு' என்று வாழ்த்தலாம். என் வீட்டிலும் அத்தகைய அறை ஒன்றுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், அதிலிருந்து இரவுதோறும் ஓர் ஒலி கேட்கலாயிற்று. பாட்டென்று அதனைச் சொல்ல இயலாது. நிலத்தடியில் யாரோ உலக்கை போடுவது போன்ற ஒரே சீரான முழக்கம். உள்ளே இருந்தவன் என் மகன். தேர்வொன்றில் தவறிய பின்னர் அவன் கதவைச் சாத்திக்கொண்டு பல நாட்கள் ஆகியிருந்தன. அவனை இருளில் ஆழ்த்துவது அந்த ஒலிதான் என்று நான் உறுதியாக நம்பினேன்.

ஓரிரவு கதவைத் தட்டி, "இது என்ன சங்கீதமடா?" என்றேன். அவன் பதில் கூறவில்லை. கட்டிலில் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

அது 'மெஸனைன்' என்னும் மின்னணு இசைத் தொகுப்பு. இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டல் துறைமுக நகரைச் சேர்ந்த 'மாஸிவ் அட்டாக்' என்ற குழுவினர் 1998 ஏப்ரலில் வெளியிட்டது. பதினோரு பாடல்கள், ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல். ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து அந்நகரில் குடியேறியவர்கள், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி மந்தர ஸ்தாயி அதிர இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அவ்வழக்கத்தில் ஊறி வளர்ந்தவர்களே இக்குழுவினர்.

முதற்பாடல் 'ஏஞ்சல்'. தொடக்கத்தில் அந்த உலக்கை ஒலி மட்டுமே. சிறிது நேரம் கழித்து ஒரு குரல் எழுந்தது. மெல்லிய, உயர்ந்த, நடுங்குகின்ற ஆண் குரல். ஜமைக்காவின் ஹோரேஸ் ஆண்டி என்பவருடையது. நான் திடுக்கிட்டேன். இத்தனை இரவுகளாக இக்குரல் என் செவிக்கு எட்டவே இல்லையே! காரணம் எளிது. தாழ்ந்த ஒலி சுவரை ஊடுருவும். உயர்ந்த ஒலியைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு முழக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. பாடியவன் உள்ளேயே தங்கிவிட்டான்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு கெட்ட வழக்கம். எதைக் கேட்டாலும் அதற்கு நிகரான சொல்லைத் தேடுவான். மூடிய அறையில் மூச்சு முட்டும் அச்சத்துக்கு ஆங்கிலத்தில் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கொண்ட நீண்ட சொல் ஒன்றுண்டு. கலைச்சொல் அகராதிகள் அதனை எவ்வாறு பெயர்த்தாலும், கோப்பில் எழுதலாமேயன்றி வாயால் சொல்ல இயலாது. அன்றிரவு மின்விசிறியும் நின்றுபோக, அவ்விசையின் நடுவே எனக்குச் சொல் கிடைத்தது: புழுக்கம். மழைக்கு முன் உடல் படுவதும் அதுவே. சொல்லாமல் அடக்கிய மனம் படுவதும் அதுவே.

அத்தொகுப்பு உருவானதும் புழுக்கத்தில்தான். குழுவினர் மூவரும் ஒருவரோடொருவர் மனம் ஒவ்வாமல், தனித்தனி நேரங்களில் பதிவகத்துக்கு வந்து பணி செய்தார்களாம். 'டியர்டிராப்' என்னும் பாடலை யார் பாடுவதென்பதிலும் பூசல். முடிவில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எலிசபெத் ஃபிரேசர் பாடினார். அதன் பதிவு நடந்த நாட்களில், 1997 மே மாத இறுதியில், அவருக்கு ஒருகாலத்தில் மிக நெருங்கியவராயிருந்த பாடகர் ஜெஃப் பக்லி அமெரிக்காவில் ஆற்றில் மூழ்கி இறந்தார். இதனை மகன் கூறக் கேட்டபின் அப்பாடலைக் கேட்டேன். இதயத் துடிப்பை ஒத்த தாளம். அதன்மேல் சொல் தெளிவாகப் பிடிபடாத குரல். குழுவினருள் ஆண்ட்ரூ வௌல்ஸ் என்பவர் 1999-இல் விலகிவிட்டார்.

எனக்கு எல்லாப் பாடல்களும் பிடித்தன என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் கிதார்களின் இரைச்சல் மிகுதி; தம்பூராவின் சுருதியில் பழகிய செவிக்கு அது தண்டனையே. ஆயினும் ஒரு பாடலை மறுமுறையும் வைக்கச் சொன்னேன். 1960-களில் ஜமைக்காவில் ஜான் ஹோல்ட் இயற்றியது. இங்கும் ஹோரேஸ் ஆண்டியே பாடுகிறார். அடுத்த வீட்டுக்காரன் இரவில் நேரங்கழித்து வந்து செய்யும் சந்தடி தாளாமல், வேறு வீடு பார்க்க வேண்டுமென்று ஒருவன் புலம்புவதே அதன் பொருள். மாற்றல் உத்தரவும் வாடகை வீடுமாக ஊர் ஊராய்த் திரிந்த நமக்கு இதற்கு உரை வேண்டுமா? நான் சிரித்துவிட்டேன். மகனும் சிரித்தான், பல நாட்களுக்குப் பின்.

பிறகு தேர்வைப் பற்றி அவனே பேசத் தொடங்கினான். நான் இடைமறிக்கவில்லை. மணி பதினொன்றைக் கடந்திருந்தது. அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவரின் கட்டில் எங்கள் சுவரை ஒட்டியிருப்பது நினைவுக்கு வரவே, அவன் எழுந்து ஒலியைக் குறைத்தான்.