மேஜைக்கு எதிரே நிற்பவரின் பாஷை
(செங்கல் கிராமத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வேறு பண்பாட்டில் வளர்ந்தவரோடு சேர்ந்து வேலை செய்யும் திறமைக்கு இன்று "பண்பாட்டு நுண்ணறிவு" என்று பெயர் சொல்கிறார்கள். கிறிஸ்டோபர் எர்லி, சூன் ஆங் என்ற இரு பேராசிரியர்கள் 2003-ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். பெயர்தான் புதிது. எல்லையில் வாழும் நமக்கு விஷயம் பழையது.

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் நம் அலுவலகங்களில் இரண்டு பாஷைகளும் தினமும் சந்திக்கின்றன.

இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸில் "ஆதாரம்" கேட்டால் அது கிரயப் பத்திரம். மதுரைப் பக்கத்துக்காரர் ஏதோ அத்தாட்சி என்று எண்ணி ரேஷன் கார்டை நீட்டுவார். "போக்குவரவு" என்றால் அவருக்கு பஸ் ஞாபகம் வரும். இங்கே அது பட்டா மாறுதல். அவர் "அவகாசம்" கேட்டால் கொஞ்சம் நாள் கேட்கிறார். மலையாளத்தில் அது உரிமை. எல்லாவற்றையும்விடச் சங்கடமானது "நீங்கள்". தமிழில் அது மரியாதைச் சொல். மலையாளத்தில் மேலதிகாரியை "நிங்ஙள்" என்றால் முகம் சுளிப்பார். "சார்" என்றே சொல்ல வேண்டும்.

நான் விஞ்ஞானம் படித்தவன். தண்ணீரில் வைத்த குச்சி வளைந்து தெரிந்தால், அது குச்சியின் குற்றம் அல்ல. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது திசை மாறும். இது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

சரி, யார் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான். இதற்கு நம் சமூகத்தின் சரித்திரமே சாட்சி. 1891 ஜனவரியில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. திருவிதாங்கூரின் உயர் பதவிகளில் வெளியிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் பிராமணர்கள், நிறைந்திருக்கிறார்கள் என்பது அதில் உள்ள குறை.

நம் முன்னோர்கள் ஆங்கிலமும் கணக்கும் சட்டமும் கற்றவர்கள். திவான் சேஷய்ய சாஸ்திரி போன்றோரின் நிர்வாகத் திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கோப்பைப் படிக்கும் திறமை வேறு. வாசலில் காத்திருப்பவரின் மனத்தைப் படிக்கும் திறமை வேறு. அந்த மனுவைப் பொறாமை என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சொந்த மண்ணில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

இன்று இங்கே தமிழர்கள் மொழிச் சிறுபான்மையினர். 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழிலும் கன்னடத்திலும் அரசுக்கு எழுத இடம் தந்தது. தம் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தர அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அந்த மனுவைப் பொறுமையாகப் படிக்கும் மனத்தை எந்தச் சட்டமும் தர முடியாது. இன்று நாம் எதிர்பார்க்கும் அந்தப் பொறுமையைத்தான் அன்று அவர்கள் நம்மிடம் எதிர்பார்த்தார்கள்.

பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் மேலாளர்களாக இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சக ஊழியர் சொன்னது முரட்டுத்தனமாகப் பட்டால், உடனே கோபப்படாதீர்கள். "நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் அதை முதலில் பேசுங்கள்.