நாளைப் பின்னோக்கி எண்ணுவோம்



விதைத்த நாளிலிருந்து அறுவடை நாளை எண்ணுவது நமக்குப் பழக்கமானதுதான். குறுவைக்கு அதைத் தலைகீழாகச் செய்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகவே அறுவடைத் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, இரகத்தின் வயதை அதிலிருந்து கழித்து விதைப்புத் தேதியைக் காண வேண்டும். 110 நாள் வயதுடைய ஆடுதுறை 43 நெல்லை 2025 செப்டம்பர் 30-இல் அறுக்க, ஜூன் 12-இல் விதைத்திருக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளும் அதுவே.

இதையே "மூன்று மாதம் இருபது நாள்" என்று விரல்விட்டுக் கழித்தால் ஜூன் 10 வரும். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் 31 நாள் என்பதால் நேரும் பிசகு இது.

கணிப்பொறி இதை எப்படிச் செய்கிறது? எக்செலில் 1900 ஜனவரி 1-க்கு எண் 1. அங்கிருந்து நாளுக்கு ஓர் எண் கூடும். 2025 செப்டம்பர் 30-இன் எண் 45930. அதில் 110 போனால் 45820, அதாவது ஜூன் 12. நாட்களைக் கழிப்பதில் குழப்பமே இல்லை. மாதத்தைக் கழிக்கச் சொன்னால்தான் தடுமாற்றம். 2025 மார்ச் 31-இலிருந்து ஒரு மாதம் பின்னே போனால் பிப்ரவரி 31 ஏது? எக்செலின் 'ஈடேட்' பிப்ரவரி 28 என்று தரும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாத எண்ணை மட்டும் ஒன்று குறைத்தால் மார்ச் 3 என்று வரும். பின்னே போகச் சொன்னோம், அதே மாதத்திலேயே நிற்கிறது!

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விதை நெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, 24 மணி நேரம் மூட்டம் போட வேண்டும் அல்லவா? விதைப்பு நேரத்திலிருந்து 48 மணி கழித்து, ஊறப்போடும் நேரத்தைச் சொல்ல ஒரு புரோகிராம் எழுதினேன். ஜூலை 6 காலை 7 மணி விதைப்புக்கு ஜூலை 4 காலை 7 மணி வர வேண்டும். நான் 6/7 என்று தட்டினேன். இயந்திரம் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னே படித்து, ஜூன் 5 என்று அச்சிட்டது. அதுவும் குறுவைக் காலமே என்பதால் எனக்கு ஐயம் எழவில்லை. பட்டியலைப் பார்த்த பெரியவர் ஒருவர்தான், "தம்பி, ஆத்துல தண்ணி வருமுன்னே ஊறப்போட்டு முளையை எங்கே தெளிக்க?" என்று கேட்டார். ஒரு மூட்டை விதை தப்பியது.

அன்றிலிருந்து மாதத்தை எழுத்தால் எழுதுகிறேன். கைப்பேசியில் தேதி பார்க்கும் நீங்களும் அப்படியே செய்யுங்கள். வயதை நாட்கணக்கில் மட்டும் கழியுங்கள். வந்த தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகே விதை மூட்டையை அவிழுங்கள்.