வீட்டுக் கோதுமையும் ஆறு கஞ்சாச் செடியும்: ஒரு வரியை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். சொந்த நிலத்துல கோதுமை போடுறீங்க. அதை உங்க கோழிக்கும் மாட்டுக்கும் போடுறீங்க, கொஞ்சம் அரைச்சு வீட்டுக்கு மாவாக்குறீங்க. இது வியாபாரமா?

இல்லைன்னுதான் எல்லாரும் சொல்லுவோம். ஆனா 1942-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், "வியாபாரமா இல்லையாங்கறது முக்கியமில்ல, வியாபாரத்தைப் பாதிக்குதாங்கறதுதான் முக்கியம்"ங்கற அர்த்தத்துல ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. அந்த ஒரு வாதம் அதுக்கப்புறம் எங்கெல்லாம் போச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. நம்ம அரசமைப்புல மத்திய பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு மூணு இருக்கு. அமெரிக்காவுல அப்படிக் கிடையாது. காங்கிரஸுக்கு, அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு, எந்தெந்த அதிகாரம் உண்டுன்னு ஒரே ஒரு பட்டியல். அதுல இல்லாதது எல்லாம் மாநிலங்களுக்கு. அந்தப் பட்டியல்ல ஒரு வரி: வெளிநாடுகளோடும், மாநிலங்களுக்கு இடையிலும், பூர்வகுடி இனங்களோடும் நடக்கும் வணிகத்தைக் காங்கிரஸ் ஒழுங்குபடுத்தலாம். இதைத்தான் காமர்ஸ் கிளாஸ்னு சொல்றாங்க.

1787-ல இதை எழுதினப்ப காரணம் ரொம்ப நேரடியானது. ஒரு மாநிலம் பக்கத்து மாநிலத்துச் சரக்குமேல வரி போடுறது, துறைமுகம் இருக்கிற மாநிலம் இல்லாத மாநிலத்துக்கிட்ட காசு கறக்குறதுன்னு சண்டை நடந்துட்டு இருந்துச்சு. அதை நிறுத்தணும், அவ்வளவுதான்.

இப்ப கோதுமைக்கு வருவோம். ஒஹாயோ மாநிலத்துல ராஸ்கோ ஃபில்பர்ன்னு ஒரு விவசாயி. கோதுமை விலை விழுந்துடக்கூடாதுன்னு, யார் எத்தனை ஏக்கர் போடலாம்னு ஃபெடரல் அரசு அளவு வச்சிருந்துச்சு. அவருக்கு 11.1 ஏக்கர். அவர் போட்டது 23 ஏக்கர். கூடுதலா விளைஞ்சது 239 புஷல், அதுக்கு அபராதம் 117 டாலர் 11 சென்ட். ஃபில்பர்ன் வழக்கமா ஒரு பகுதியை விப்பாரு, மிச்சம் கால்நடைத் தீவனம், வீட்டு மாவு, அடுத்த வருஷ விதை. "என் பண்ணையிலேயே தீர்ந்துபோற கோதுமைக்கும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கும் என்ன சம்பந்தம்?"ங்கறதுதான் அவர் வாதம்.

கோர்ட் ஒருமனதா அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. லாஜிக் இதுதான்: வீட்டுல விளைஞ்சா கடையில வாங்க மாட்டீங்க. நீங்க ஒருத்தர் வாங்கலைன்னா ஒண்ணும் ஆகாது. உங்களை மாதிரி எல்லாரையும் கூட்டிப் பார்த்தா, நாடு முழுக்க விலை மாறும். அதனால உங்க வயலையும் காங்கிரஸ் தொடலாம்.

இதைக் கேட்டதும் "இது அநியாயம்"னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. அடுத்த கதையைக் கேட்ட பிறகு அவ்வளவு சுலபமா சொல்ல முடியல.

அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். ஆலீஸ் பார்பெக்யூன்னு ஒரு குடும்ப உணவகம். அங்க வேலை பார்த்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கறுப்பின மக்கள். ஆனா கறுப்பின வாடிக்கையாளர் உள்ள உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் வாங்கிட்டுப் போயிடணும். 1964-ல சிவில் ரைட்ஸ் சட்டம் வந்து, இது செல்லாதுன்னு சொல்லுச்சு. உணவகம் கோர்ட்டுக்குப் போச்சு: "நாங்க உள்ளூர்க் கடை, இதுல ஃபெடரல் அரசுக்கு என்ன வேலை?"

கவனிங்க, ஃபில்பர்ன் கேட்ட அதே கேள்வி.

கோர்ட் கொடுத்ததும் அதே பதில். அந்தக் கடை முந்தின ஒரு வருஷத்துல வாங்கின உணவுப் பொருள்ல சுமார் 46 சதவீதம், வெளிமாநிலத்துலேர்ந்து வந்த இறைச்சி. பாகுபாடு காட்டுற கடைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தா, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் பாதிக்கப்படுது. அதனால சட்டம் செல்லும்.

ஒரு மனுஷனை உட்கார வச்சுச் சாப்பாடு போடணுமாங்கற கேள்விக்கு, இறைச்சி எந்த மாநிலத்துலேர்ந்து வந்துச்சுங்கறது ஏன் பதிலாகணும்? காரணம் 1883-ல இருக்கு. சமத்துவத்துக்காகவே எழுதின பதினாலாவது திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கடைகளை இல்லைன்னு அப்ப சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நேர் வாசல் அடைபட்டுப் போச்சு. எண்பது வருஷம் கழிச்சு, காங்கிரஸ் முக்கியமா வணிகம்ங்கற பக்கவாசல் வழியாத்தான் உள்ள வந்துச்சு. வணிகத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதறது தனக்குத் தயக்கமா இருக்குன்னு நீதிபதி டக்ளஸ் தனியா எழுதியும் வச்சாரு.

சரி, அப்ப எல்லையே கிடையாதா? 1995-ல அந்தக் கேள்வி நேரடியா வந்துச்சு. டெக்சாஸ்ல பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி கொண்டுவந்து மாட்டிக்கிட்டாரு. ஃபெடரல் சட்டத்துல வழக்கு. இதுல வணிகம் எங்க இருக்கு? அரசுத் தரப்பு சொன்னது: துப்பாக்கி இருந்தா படிப்பு கெடும், படிப்பு கெட்டா உற்பத்தி குறையும், பொருளாதாரம் பாதிக்கும்.

நீங்க கோட் எழுதுறவரா இருந்தா இது உடனே புரியும். எந்த இன்புட் கொடுத்தாலும் 'ட்ரூ'ன்னு மட்டுமே சொல்ற ஃபங்ஷன், எதையும் சோதிக்கல. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் சொன்னதோட சாரமும் அதுதான்: இந்த வாதத்தை ஏத்துக்கிட்டா, காங்கிரஸ் தொடக்கூடாத விஷயம்னு எதைக் காட்டுறது? 5-4ல சட்டம் விழுந்துச்சு. காங்கிரஸ் பதிலுக்கு, மாநிலம் தாண்டி வந்த துப்பாக்கின்னு ஒரு நிபந்தனையைச் சேர்த்து சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துடுச்சு. அது வேற கதை.

எல்லை கிடைச்சிடுச்சுன்னு நினைச்சா, 2005-ல ரெய்ச் வழக்கு. கலிஃபோர்னியாவுல மருத்துவர் பரிந்துரைச்சா கஞ்சா பயன்படுத்தலாம்னு மக்கள் 1996-லேயே ஓட்டுப் போட்டு அனுமதிச்சிருந்தாங்க. ஒரு பெண் தன் முதுகுவலிக்காக வீட்டுல ஆறு செடி வளர்த்தாங்க. உள்ளூர் அதிகாரிகள் பார்த்துட்டு, மாநிலச் சட்டப்படி சரிதான்னாங்க. ஃபெடரல் அதிகாரிகள் ஒத்துக்கல. மூணு மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறு செடியையும் எடுத்து அழிச்சாங்க. விக்கல, மாநிலத்தைத் தாண்டல. ஆனாலும் 6-3ல அவங்க தோத்துட்டாங்க. கோர்ட் கைகாட்டினது ஃபில்பர்னோட கோதுமையை.

2012-ல ஒபாமா கேர் வழக்குல இன்னொரு கோடு போட்டாங்க: நடக்கிற வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம், ஆனா ஒண்ணும் வாங்காம சும்மா இருக்கிறவரை, காமர்ஸ் கிளாஸை வச்சு "இன்ஷூரன்ஸ் வாங்கு"ன்னு கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சட்டம் பிழைச்சது, வரி விதிக்கிற அதிகாரத்தால.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஆலீஸ் பார்பெக்யூ தீர்ப்பு வேணும், ஆறு செடியை அழிச்ச தீர்ப்பு வேண்டாம். என் மனசும் அதைத்தான் சொல்லுது. ஆனா ரெண்டுக்கும் அடியில ஓடுறது ஒரே வாதம். ஒரு அதிகாரம் நல்லதா கெட்டதான்னு, அது இன்னைக்கு யாருக்கு உதவுதுங்கறதை வச்சு மட்டும் முடிவு பண்ணா, நாளைக்கு அது யார் வீட்டுக்கு வரும்னு நமக்குத் தெரியாது.

எனக்குத் தோணுறது இதுதான். தப்பு அந்த ஒரு வரியில மட்டும் இல்ல. உரிமையா எழுதி, உரிமையாவே காப்பாத்த வேண்டியதை 1883-ல கைவிட்டாங்க. அந்தப் பாரத்தை வணிகம்ங்கற வார்த்தை சுமக்க வேண்டியதாச்சு. சுமக்கிற அளவுக்கு அதை விரிச்ச பிறகு, அது கோதுமை, கறி, கஞ்சான்னு எதையும் பிரிச்சுப் பார்க்கல.

அடுத்த தடவை எந்த அரசாவது "இதுவும் எங்க வரம்புக்குள்ளதான்"னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அப்ப உங்க வரம்புக்கு வெளிய என்ன இருக்கு? ஒரு உதாரணம் கொடுங்க. பதில் வரலைன்னா, அங்க வரம்புன்னு ஒண்ணு இல்ல.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.