மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ராக் ரசிகை



"தொலைக்காட்சி நம் பிள்ளைகளின் ரசனையை வளர்க்கிறதா, வளைக்கிறதா?" இதுதான் தலைப்பு. வளர்க்கிறது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "ராக்குனு ஒண்ணு, கிடாரை மாட்டிக்கிட்டு கத்துறானுங்க, அதை டி.வி.யில போட்டு நம்ம பிள்ளைங்களைக் கெடுக்கிறாங்க." அம்மா, ராக்கைத் திட்டறதுக்கு உங்களுக்கு வேற ஊரே கிடைக்கலியா? எங்க ஊர் அடையாளமே ராக்ஃபோர்ட்! நீங்க சென்னையிலிருந்து வந்து இறங்கின ரயிலுக்குப் பேரே ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ்! (சிரிப்பு, கைதட்டல்)

சத்தம் என்றார்கள். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் சொர்க்கவாசல் திறக்கிறப்போ எழும்புகிற "ரங்கா, ரங்கா" கோஷத்தைக் கேட்டு வளர்ந்த காது இது. தலைமுடி என்றார்கள். இதே திருச்சியிலே எங்க சித்தப்பா பாகவதர் கிராப் வச்சுக்கிட்டதுக்கு, தாத்தா மூணு நாள் சோறு போடலியாம். 'ஹரிதாஸ்' 1944-ல் வந்து மூணு தீபாவளி பார்த்த படம். அந்தப் பாட்டைப் பாடினவரின் தலைமுடிக்கே வீட்டில் அந்தக் கதி!

இப்போ என் வீட்டுக் கதைக்கு வர்றேன். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டி.வி. பார்ப்பாள், காதிலே எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பாள், ஒரு நோட்டிலே ஏதோ எழுதுவாள். ஒரு நாள், "என்னம்மா கேக்குற?" என்றேன். "நிர்வாணாப்பா" என்றாள். (பலத்த சிரிப்பு)

சிரிக்காதீங்க. தமிழ் வாத்தியாருக்கு எப்படி இருந்திருக்கும்? நோட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். "முதல்ல பாடத்தைப் படி" என்றேன். அவள் பதில் பேசவில்லை. "அது புத்தர் சொன்ன வார்த்தைப்பா, அமெரிக்காவிலே ஒரு குழுவுக்கு அந்தப் பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வகுப்பிலே மணிமேகலை நடத்துகிறவனுக்கு நிர்வாணம் என்றால் என்ன என்று மகள் சொல்லித் தர வேண்டியதாப் போச்சு.

அதற்கப்புறம் ஆறு மாசம். "சாப்டியா?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம்." அவ்வளவுதான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. மேடையிலே மணிக்கணக்கிலே பேசுகிறவன் வீட்டில் பேச்சு செத்துப்போச்சு.

போகிக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது நோட்டு கிடைத்தது. பழசோடு சேர்த்து எறிவதற்கு முன்னால் ஒரு பக்கம் புரட்டினேன். அப்புறம் வைக்க முடியவில்லை. ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறாள்: "இந்த வாரம் ஜட்ஜ் அழுதார், பையனுடைய அம்மா அழுதார், தொகுப்பாளர் அழுதார். பாட்டு மட்டும் அழவில்லை." (நீண்ட கைதட்டல்) ஒரு சீரியலைப் பற்றி: "கதவு திறக்க மூணு நாள் ஆகிறது. கதவுக்கே ரெண்டு வசனம் கொடுத்திருக்கலாம்." குப்பை என்று தெரிந்ததைக் குப்பை என்றே எழுதியிருக்கிறாள். நல்லதைத் தேடியும் போயிருக்கிறாள். கேரளத்துக் கப்பா டி.வி.யில் 2013-ல் பாடிய தைக்குடம் பிரிட்ஜ் குழுவைப் பற்றி நாலு பக்கம். அந்தக் குழுவில் வயலினோடு நின்ற கோவிந்த் வசந்தாதான் 2018-ல் நம்ம '96' படத்துக்கு இசையமைத்தவர். எனக்கு '96' தெரியும், ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. டி.வி. யாரை வளர்த்தது, என்னையா, அவளையா?

கடைசியிலே அந்த நிர்வாணா. 1993 நவம்பர் 18, நியூயார்க். எம்.டி.வி. தொலைக்காட்சிக்காக, கிடாரின் இரைச்சலைக் குறைத்துப் பாட வேண்டிய ஒரு நிகழ்ச்சி. மேடை முழுக்க லில்லிப் பூவும் மெழுகுவத்தியும். நடுவிலே கர்ட் கோபேன் என்கிற பாடகர். உலகமே கொண்டாடுகிற தன்னுடைய பெரிய பாட்டை அன்றைக்கு அவர் பாடவே இல்லை. பாடின 14 பாட்டில் 6 மற்றவர்களுடையது. மீட் பப்பெட்ஸ் என்ற குழுவின் பாட்டு மட்டும் மூன்று, அதுவும் அந்த அண்ணன் தம்பியையே மேடைக்கு வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு! கடைசிப் பாட்டு, 1949-ல் இறந்துபோன லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் பாடிவந்த பழைய நாட்டுப்பாட்டு. என் மகள் எழுதியிருக்கிறாள்: "எல்லாரும் அவருக்கு ரசிகர்கள். அவர் அன்றைக்கு ரசிகராக வந்திருந்தார்."

1993-ல் நான் எம்.ஏ. மாணவன், நடுவர் அவர்களே. கேபிள் வந்த புதுசு. பக்கத்து வீட்டில் இந்த மாதிரிப் பாட்டு ஓடினால் ஜன்னலைச் சாத்தினவன் நான்.

நோட்டை எடுத்துக்கொண்டுபோய், "இதை எனக்குப் போட்டுக் காட்டுவியாம்மா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யூடியூபில் தேடி, கூடத்து டி.வி.யிலே போட்டாள். எங்க அம்மாவும் வந்து உட்கார்ந்தாங்க. எண்பது வயசு, திருச்சி வானொலியைக் கேட்டே வளர்ந்தவங்க. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் குரல் உடைந்து, அந்தப் பையன் ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்ப்பார். அம்மா சொன்னாங்க: "இந்தப் பிள்ளை ரொம்ப நாளாத் தூங்கலை போலிருக்கே. யாராவது என்னன்னு கேட்டாங்களாடி?"

1994 ஏப்ரலில், 27 வயசில் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று மகள் பாட்டிக்குச் சொன்னாள். கூடத்தில் யாரும் பேசவில்லை. நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, என் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாசமா நான் கேட்கலையே! (அரங்கில் அமைதி)

மரபு கெடுகிறது என்று எதிரணி ஐயா ரொம்ப வருத்தப்பட்டார். ஐயா, ஆற்றைத் தாண்டி எங்க ஸ்ரீரங்கத்துக்கு வாங்க. தாயார் சன்னதிக்கு எதிரே கம்பன் மண்டபத்தைக் காட்டுறேன். கம்பன் அங்கே அரங்கேற்றும்போது, "இரணியன் வதை வால்மீகியிலே இல்லையே, நீ எப்படிப் பாடலாம்?" என்று பண்டிதர்கள் எழுந்தார்களாம். பக்கத்துச் சன்னதி மேட்டழகிய சிங்கர் தலையை அசைத்துச் சிரித்து ஏற்றுக்கொண்டார் என்று எங்க ஊர்லே சொல்வாங்க. அந்தச் சபையிலே நோட்டைப் பிடுங்குகிற ஆள்தான் நிறைய. ரசிகர் என்று இருந்தவர் அந்தச் சிங்கர் ஒருத்தர்தான். (கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். மூணாவது வரிசையிலே மஞ்சள் சுடிதார் போட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் அந்த ரசிகை. கையிலே புது நோட்டு இருக்கு. நான் பேச ஆரம்பிச்சதிலிருந்து குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே இருக்கா. என்ன எழுதறான்னு எனக்கே பயமாத்தான் இருக்கு. (சிரிப்பு)