நான்கு தந்திகளின் பொறுப்பு



நம் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுவினர் மேடையேறும்போது நம் கண்கள் முதலில் பாடகரையே நாடுகின்றன. பிறகு கீபோர்டு, தபேலா, டிரம்ஸ் என்று பார்வை நகர்கிறது. பின்வரிசையில், நீண்ட கழுத்துள்ள நான்கு தந்திக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் வாசிக்கும் கருவிக்குப் பேஸ் கித்தார் என்று பெயர். அவர் ஒரு பாட்டின் நடுவே கையை எடுத்துவிட்டால் பாட்டு திடீரென்று மெலிந்துபோகும். வீட்டைத் தாங்கும் விட்டத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அதற்காக விட்டம் இல்லாமல் வீடு நிற்குமா?

நம் வீட்டு மகனோ மகளோ, "நான் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கப் போகிறேன், ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் நாம் என்ன செய்வது? மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி குறைவு என்ற நிலையில் மிச்சம் பிடித்த பணம் அது. அதைத் தவறான கருவியில் போட்டுவிட்டால் பணமும் போகும், பிள்ளையின் ஆர்வமும் போகும். ஆகவே எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எப்படி வாசிப்பது, மேடையில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் இக்கருவியின் பிறப்பைத் தெரிந்துகொள்வோம். முன்பெல்லாம் மேலைநாட்டு இசைக்குழுக்களில், ஆள் உயரத்திற்கு மேற்பட்ட ஒரு பெரிய தந்திக் கருவியை நின்றுகொண்டு வாசித்து வந்தார்கள். அதைச் சுமந்து ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. டிரம்ஸ் முழங்கும்போது அதன் ஓசை அமுங்கியும்போகும். 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் மின்சாரத்தால் ஒலிக்கும் சிறிய பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகெங்கும் பரவியது. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடையில் தொழில் தொடங்கியவர் அவர். வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் மெட்டுகள் பதித்திருந்ததால், விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் ஒலித்தது. பிரிசிஷன் என்றால் துல்லியம் என்று பொருள். தோளில் மாட்டி எங்கும் கொண்டுபோகவும் முடிந்தது.

சாதாரண கித்தாரின் அடித்தந்தி நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸ் கித்தாரின் அடித்தந்தியோ நொடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. சின்ன வானொலிப் பெட்டியாலும் கைத்தொலைபேசியாலும் இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக வெளியிட முடியாது. அதனால்தான் வீட்டில் கேட்கும்போது தெரியாத பேஸ், மேடையருகே நெஞ்சில் வந்து மோதுகிறது. இளையராஜாவின் இசையில் வந்த பாடல்களை நல்ல பெரிய ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடகர் ஒரு பாட்டைப் பாட, அடியில் பேஸ் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு கூடவே வருவது அப்போது புரியும்.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். கடையில் மினுமினுக்கும் வண்ணம் கண்ணைப் பறிக்கும். ஆனால் விலை கொடுக்க வேண்டியது கழுத்துக்கே. கருவியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தலைப்பக்கமிருந்து உடலை நோக்கிப் பாருங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பிறகு முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடியுங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய அட்டை ஒன்று நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தாலும் அஞ்ச வேண்டாம். கழுத்தினுள் ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. விவரம் தெரிந்தவர் அதைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்வார். அந்தத் திருகாணி அசைகிறதா என்பதைக் கடைக்காரரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, நான்கு தந்திகளையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது கரகரத்தாலோ, ஒலி சட்டென்று செத்துப்போனாலோ அந்த மெட்டு தேய்ந்திருக்கலாம். குமிழ்களைத் திருப்பும்போதும் கம்பியைச் செருகும் துளையை அசைக்கும்போதும் கறகறவென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இது சிறிய பழுதுதான். ஆனால் இதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

எடையும் முக்கியம். பேஸ் கித்தார் ஏறக்குறைய நான்கு கிலோ இருக்கும். கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது; விருந்தில் மூன்று மணி நேரம் நின்று வாசிக்கும்போதுதான் தோளும் முதுகும் கணக்குக் கேட்கும். அகலமான தோள்வார் வாங்குங்கள். தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். சிறு கையுள்ள பிள்ளைகளுக்கு 30 அங்குலக் கருவியும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் அப்படிப்பட்ட சிறிய கருவிதான். கையில் இருந்த பணத்துக்கு அது கட்டுப்படியாயிற்று என்பதும் அவர் அதை வாங்கியதற்கு ஒரு காரணம். ஐந்து தந்தி, ஆறு தந்திக் கருவிகள் இருக்கின்றன என்று பிள்ளை சொல்லலாம். தொடங்குகிறவருக்கு நான்கு தந்தி போதும்.

பணம் முழுவதையும் கித்தாரிலேயே போட்டுவிடாதீர்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு பங்கு வேண்டும். அது பேஸுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். சாதாரண கித்தாருக்கான பெட்டியில் பேஸை இணைத்துச் சத்தமாக வாசித்தால் அதன் ஒலிபெருக்கித் தாள் கிழிந்துபோகக் கூடும். மேலும், நம் நாட்டுப் புழுக்கத்தில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் கருவியைப் போட்டு வைத்தால் கழுத்து வளைந்துவிடும். சில கருவிகள் 9 வோல்ட் பேட்டரியால் இயங்குபவை. அவற்றுக்கு மாற்றுப் பேட்டரி ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

கருவி வந்துவிட்டது. இனி வாசிப்பு. பால்மரம் சீவுகிறவருக்குக் கத்தியின் ஆழம் தெரியும். மேலோடு போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். தந்தியை அழுத்துவதும் அப்படியே. மெட்டுக்கு மிக அருகில், ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் கை களைக்காது. வாசிக்காத தந்திகளை விரலால் தொட்டு அடக்கி வைப்பதும் வாசிப்பில் ஒரு பாதி. அடக்காத தந்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்து பாட்டைக் குழப்பும்.

டிரம்ஸ் வாசிப்பவர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மோடு பேஸ் ஒன்றிப்போக வேண்டும். அவர் பக்கத்தில், அவருடைய கால் தெரியும்படி நிற்பது நல்லது. நூறு சுரம் வாசிப்பவரைவிட, நான்கு சுரத்தைக் காலம் தவறாமல் வாசிப்பவரையே பாடகர் விரும்புவார். வீட்டில் பழகும்போது தாளம் காட்டும் மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டுப் பழக வேண்டும். வேகமாக வாசிப்பதைவிட மெதுவாகச் சீராக வாசிப்பது கடினம் என்பது அப்போது விளங்கும்.

மேடையில் பாடகர் திடீரென்று, "நாலு கட்டையில் இருப்பதை அஞ்சு கட்டைக்கு ஏற்றுங்கள்" என்பார். பேஸ் வாசிப்பவர் பதற வேண்டியதில்லை. கையின் அமைப்பை மாற்றாமல் அப்படியே இரண்டு மெட்டு மேலே நகர்த்தினால் போதும். மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு என்றால் ஒரு மெட்டுதான். இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளையைக் குழுக்கள் தேடி வந்து அழைக்கும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த பெரிய பேஸில் பழகி வளர்ந்தவர். 1960-களில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றில் ஒலிப்பது அவருடைய பேஸ்தான். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார்; ஒரே சாதாரண பிரிசிஷன் பேஸைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். ஆயினும் அக்காலத்து இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் பெயர் வந்தது. 1983-இல், 47-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில்தான் ராக் இசையின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. விலையுயர்ந்த கருவி நல்ல வாசிப்பைத் தராது என்பதையும், தாங்கி நிற்பவருக்குப் பெயர் தாமதமாகவே வரும் என்பதையும் அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. பின்வரிசையில் நிற்க மனம் ஒப்புகிற பிள்ளைக்கே இக்கருவி பொருந்தும்.

நேயர்களே, இரண்டு ஆபத்துகளைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்கலாகாது. முதலாவது மின்சாரம். 1972-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற இளம் கித்தார் கலைஞர் மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். நிலத்தொடர்பு சரியில்லாத ஒலிவாங்கியை அவர் தொட்டதே காரணம். தந்தி உலோகம், ஒலிவாங்கியும் உலோகம். ஒன்றில் விரலும் மற்றொன்றில் உதடும் படும்போது மின்சாரம் உடலின் வழியே பாய்ந்துவிடும். ஆகவே மூன்று கால் பிளக்கின் நீண்ட காலை ஒருபோதும் வெட்டாதீர்கள். திடலில் கூடாரம் போட்டு வாசிக்கும்போது மழை பெய்து தரை நனைந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்குவதே அறிவுடைமை. மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் விசை இல்லாத இணைப்பில் வாசிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது காது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்று தொழில் நலத்துறை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரந்தான். மேடைச் சத்தம் அதை எளிதில் எட்டிவிடும். கெட்டுப்போன செவிப்புலன் திரும்புவதில்லை. காதடைப்பான் ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள்; கித்தாருக்குச் செலவழித்ததில் அது ஒரு சிறு துளியே.

இறுதியாக வருமானம். எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பவற்றை முன்கூட்டியே பேசி, முன்பணம் வாங்கிக்கொள்வது நலம். உறவுக்காரர் வீட்டு நிகழ்ச்சி என்றாலும் இதில் கூச்சம் வேண்டாம். கச்சேரி எல்லா வாரமும் வராது. ஆகவே கையில் உள்ள வேலையையோ படிப்பையோ விட்டுவிட்டு இதை நம்புவது சரியாகாது.

பிள்ளை கேட்டதும் கடைக்கு ஓட வேண்டாம்; ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். அருகிலுள்ள குழுவில் வாசிக்கும் ஒருவரிடம் அனுப்பி, ஆறு மாதம் இரவல் கருவியில் பழகச் சொல்லுங்கள். அதன் பிறகும் விரல்நுனி காய்த்து, ஆர்வம் காயாமல் இருந்தால், பழகிக் கொடுத்தவரையே அழைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.