ஓய்வு பெறாத கலைஞர் ஜோஹ்ரா ஸேகல்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வுக்குப் பின்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக இரத்த அழுத்தம், வங்கி வட்டி, உயில் ஆகிய மூன்றைப் பற்றியும் பேசுவார்கள். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். நான் ஓய்வே பெறாத ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜோஹ்ரா ஸேகல்.

பெயர் தெரியாவிட்டாலும் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பால்கி இயக்கி, இளையராஜா இசையமைத்த "சீனி கம்" படத்தில் அமிதாப் பச்சனுக்கு அம்மாவாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தாரே, அவர்தான். படம் வந்தது 2007ஆம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 95.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி உத்தரப் பிரதேசத்து ஸஹாரன்பூரில் ஒரு பட்டாணியக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். லாகூர் குவீன் மேரி கல்லூரியில் படித்தார். பர்தா முறை கடுமையாக இருந்த காலம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், 18 வயதில் தாய்மாமனுடன் மோட்டார் காரில் ஈரான், பாலஸ்தீனம் வழியாக எகிப்து சென்று, அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் நடத்திய நடனப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் பயின்றார்.

ஐரோப்பாவில் உதயசங்கரின் சிவ பார்வதி நடனத்தைப் பார்த்தது அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றியது. 1935ல் உதயசங்கர் குழுவில் சேர்ந்து ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று ஆடினார். பிறகு அல்மோராவில் உதயசங்கர் அமைத்த கலை மையத்தில் ஆசிரியையானார். அந்த மையத்தில் பரதநாட்டியம் கற்பித்தவர், பாலசரஸ்வதி அம்மையாரின் குருவான நம் கந்தப்ப பிள்ளை என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. அங்கே மாணவராக இருந்த இளைஞர் ஒருவர் பின்னாளில் இயக்குநராகி, 1951ல் "பாஸி" படம் எடுத்தபோது ஜோஹ்ராவை நடனம் அமைக்க அழைத்தார். அவர்தான் குரு தத். அதே ஆண்டு வெளிவந்த ராஜ் கபூரின் "ஆவாரா" படத்துக் கனவுக் காட்சியிலும் இந்த அம்மையாரின் பங்கு உண்டு.

அல்மோராவில் காமேஷ்வர் ஸேகல் என்பவரைச் சந்தித்தார். விஞ்ஞானம் படித்தவர், ஓவியர், நடனமும் ஆடுவார். மதம் வேறு, வயதில் எட்டு ஆண்டு இளையவர். வீட்டார் முதலில் எதிர்த்துப் பிறகு சம்மதிக்க, 1942 ஆகஸ்டில் திருமணம் நடந்தது. வருவதாக இருந்த ஜவாஹர்லால் நேரு, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சில நாட்களுக்கு முன் கைதாகிவிட்டார்.

தம்பதிகள் லாகூரில் சொந்தமாக நடனப் பள்ளி தொடங்கினார்கள். மதப் பகைமை மூண்டதால் அதை விட்டுப் பம்பாய் வந்தார்கள். உலகம் சுற்றி ஆடிய ஜோஹ்ரா, 1945ல் மாதம் 400 ரூபாய் சம்பளத்தில் பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே கதாநாயகி வேடம் தங்கை உஸ்ராவுக்கு. அக்காவுக்குச் சிறு வேடங்களும் நடனப் பொறுப்பும்தான். அதில் 14 ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார்.

1959ல் கணவர் காலமானார். ஜோஹ்ராவுக்கு 47 வயது, இரண்டு குழந்தைகள். பென்ஷன் கிடையாது, பிராவிடண்ட் ஃபண்ட் கிடையாது. டில்லியில் ஒரு நாட்டியப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1962ல் நாடக உதவித்தொகை பெற்று லண்டன் போனார். ஐம்பது வயதில் மறுபடியும் மாணவி! அங்கே ராம் கோபாலின் பள்ளியில் நடனம் சொல்லிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் கிடைத்த சிறு வேடங்களை ஏற்றார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் "தி ஜுவல் இன் தி கிரௌன்" தொடர் அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியபோது 1984ஆம் ஆண்டு ஆகிவிட்டது. வயது 72.

1994ல் புற்றுநோய் கண்டது. அதையும் தாண்டி வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், பாகிஸ்தானில் குடியேறிவிட்ட தங்கை உஸ்ராவுடன் லாகூரில் "ஏக் தீ நானி" நாடகத்தில் நடித்திருந்தார். பிரிவினை பிரித்த சகோதரிகள் எண்பது வயதை ஒட்டி ஒரே மேடையில் நின்றார்கள்.

1998ஆம் ஆண்டு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசு ஓய்வு வயதை 58லிருந்து 60 ஆக உயர்த்திய ஆண்டு. இரண்டு வருஷம் கூடக் கிடைத்ததே என்று ஆபீஸ்களில் இனிப்பு வழங்கினோம். அதே ஆண்டில்தான் 86 வயது ஜோஹ்ராவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மணிரத்னத்தின் "தில் ஸே" படத்திலும் நடித்தார். 2010ல் பத்ம விபூஷண். 2014 ஜூலை 10ஆம் தேதி, 102 வயதில், டில்லியில் காலமானார்.

இந்த நீண்ட வாழ்க்கையில் நான் கவனித்தது இதுதான். ஜோஹ்ரா எதையும் தனக்குத் தாழ்ந்த வேலை என்று நினைக்கவில்லை. உடல் இடம் கொடுத்தவரை ஆடினார், பிறகு ஆடக் கற்றுக் கொடுத்தார், பிறகு நடித்தார், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து உருதுக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிச் சபையைக் கட்டிப் போட்டார். மேடை சிறியதானபோது அதற்கேற்ற வேலையைத் தேடிக்கொண்டார். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பயன்படுத்தாத தசை மெலிகிறது. பயன்படுத்தாத நினைவாற்றலுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். நீண்ட ஆயுள் வம்சத்தால் வரலாம். ஆனால் ஆயுள் முழுவதும் உபயோகமாக இருப்பது பழக்கத்தால்தான் வரும்.

நாமோ டெபுடி செக்ரட்டரியாக இருந்தவர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எழுதலாமா என்று தயங்குகிறோம். பேரனுக்கு ஆறாம் வகுப்புக் கணக்குச் சொல்லித் தருவது பெரிய வேலையாகப் படுவதில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் அவர் தரைத்தளத்தில் ஓர் அரசு வீடு கேட்டார். அது கடைசிவரை கிடைக்கவில்லை. விருது கொடுக்க மனம் வந்தது. படியேறாமல் வாழ ஒரு வீடு கொடுக்க விதி இடம் தரவில்லை போலும். அரசுக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் இது எனக்கு உறுத்துகிறது. முதியோரை மதிப்பது வேறு, அவர்கள் தேவையைக் கேட்பது வேறு.

ஆகவே எல்லா ஊர்க் கிளை நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். எண்பது நிறைந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள். நல்லது. அதோடு ஏதாவது ஒரு வேலையும் கொடுங்கள். ஒருவர் பாடட்டும், ஒருவர் குழந்தைகளுக்குக் கதை சொல்லட்டும். கூட்டத்தைத் தரைத்தளத்தில் வையுங்கள். வயதானவர்களும் அழைத்தால் மறுக்காமல் மேடையேறுங்கள்.