மீட்புப் பணியும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மலையைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். தறியும் அரிசி ஆலையும் நிறைந்த ஆரணிக்கும் மலைக்கும் என்ன உறவு என்றும் கேட்கலாம். நம் ஊரைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி சவ்வாது மலையிலிருந்து இறங்கி வருவதுதான். போளூர் வழியே சென்றால் பர்வதமலை நிற்கிறது. 4,500 அடிக்கு மேல் உயர்ந்த அம்மலையில், கடப்பாறைப் படிகளையும் சங்கிலியையும் பற்றிக்கொண்டு பௌர்ணமிதோறும் மக்கள் திரளாக ஏறுகின்றனர். அவர்களுள் ஒருவர் கால் இடறி விழுந்தால் அவரைக் கீழே கொண்டுவருவது யார்? இக்கேள்வியே நம் பேச்சுக்குப் பொருள்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், நம் மாவட்டத் தலைநகராகிய திருவண்ணாமலையின் மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு உயிர்கள் போயின. அவர்களுள் ஐவர் சிறுவர்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து, மேலே நின்ற பாறை எந்நேரம் உருளுமோ என்ற நிலையிலும் உழைத்தனர். அவர்கள் உழைப்பை வணங்குகிறோம். ஆயினும் எந்தப் படையும் புறப்பட்டு வந்து சேர நேரமாகும். அந்த இடைநேரம் உள்ளூராருடையது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நோக்கி முதலில் ஓடியவர்கள் அம்மலையைச் சார்ந்து வாழும் எளிய மக்களே. 2023 ஜூலை 19 இரவில் மகாராட்டிரத்தின் இர்சால்வாடி என்னும் பழங்குடிச் சிற்றூர் மண்சரிவில் புதைந்தபோது, வண்டிப்பாதை இல்லாத அம்மலைக்கு அப்பகுதியின் மலையேற்றத் தன்னார்வலர்கள் விரைந்தனர். அன்று மலையேறுகையில் தீயணைப்புத் துறையினர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார் என்பதையும் மறக்கலாகாது. நல்லெண்ணம் மட்டும் மலையேற்றாது. பழகிய உடலும் வேண்டும்.

தோழர்களே, மீட்புப் பணி நமக்குப் புதிதன்று. ஊர்க் கிணற்றில் ஒருவர் விழுந்தால் எந்தத் தெருவுக்கு ஆள் ஓடி வந்தது என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். இடுப்பில் தாம்புக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு இறங்கியவர் நம் பாட்டன். எந்தக் கிணற்றில் நீர் எடுக்க அவருக்கு உரிமை இல்லையோ, அதே கிணறு! 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் உடல்களை அகற்றப் பிற ஊர்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டனர். கையுறையும் காலணியும் இன்றி வேலை செய்தவர் பலர். அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னரும் சாவுகள் தொடர்கின்றன. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே நச்சுக்காற்றில் மாய்ந்த செய்திகளைப் படித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இரண்டாமவரும் மீட்பரே. கயிறும் முகமூடியும் பயிற்சியும் இல்லாத மீட்பர்.

மலை மீட்புப் பயிற்சியின் முதற் பாடமே இதற்கு மறுமொழியாக அமைந்திருக்கிறது: உன் உயிரைக் காக்கும் ஏற்பாடு முடியும்வரை இறங்காதே. இப்பாடத்தைக் கேட்ட நாளில் நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். இறங்க மறுப்பதும் ஒரு தொழில்முறை விதி என்று நமக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

பயிற்சி எளிதன்று. 11 மில்லிமீட்டர் கனமுள்ள மீட்புக் கயிறு இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும்; ஆனால் முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் வலிமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும். கூரான பாறை விளிம்பில் உராய்ந்தாலோ சில நிமிடத்தில் அறுபடும். ஆகவே விளிம்பில் தடித்த துணியோ உருளையோ வைக்க வேண்டும். சுமையைத் தாங்க ஒரு கயிறு, அது தவறினால் பிடிக்க மற்றொரு கயிறு, இரண்டுக்கும் தனித்தனிப் பிணைப்பு. உள்ளே நெடிய இழைகள், வெளியே பின்னிய உறை என்னும் அக்கயிற்றின் அமைப்பை, பாவு பிணைத்துப் பழகிய நம் பிள்ளைகள் மற்றவரைவிட விரைந்து புரிந்துகொண்டனர் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். அடுத்தது தூக்குப்படுக்கை. முதுகெலும்பு முறிந்தவரை அள்ளித் தூக்கினால் வாழ்நாள் முழுதும் நடக்க முடியாமற் போகலாம். கழுத்து அசையாமற் பிடித்து, பலரும் ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் உயர்த்த வேண்டும். கரடுமுரடான பாதையில் ஆறு முதல் எட்டுப்பேர் சுமப்பர். சிறிது தூரத்திலேயே தோள் மாற்ற வேண்டியிருப்பதால், ஒருவரை ஓரிரு மைல் இறக்குவதற்கு இருபது பேரளவு தேவைப்படும்.

ஒரு முகாமில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் நாளே ஒருவர் நம் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் தூக்குகிற பக்கம் நில்லுங்கள், கயிற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார், எந்தத் தெரு என்றும் கேட்டார். அதன் பிறகே இவ்வாறு பிரித்தார். நாம் சினந்தோம், பிள்ளைகளோ பொறுத்தனர். மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு எட்டு முடிச்சுப் போடச் சொன்னார்கள். இருளில் தவறின்றிப் போட்ட மூவருள் இருவர் நம்மவர். மறுநாள் காலையில் பிணைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு அவர்களுள் ஒருவனுக்கு வந்தது. முதல் நாள் பேசியவரும் அவன் கட்டிய கயிற்றில்தான் பாறையிலிருந்து இறங்கினார். இறங்குமுன் முடிச்சை இருமுறை தொட்டுப் பார்த்தார். தொட்டுப் பார்ப்பது விதிதான், குறையில்லை.

சுமப்பவர் வேறு, வழிகாட்டுபவர் வேறு என்னும் பிரிவு இமயத்திலும் இருந்தது. சுமை தூக்குபவராகத் தொடங்கிய டென்சிங் நோர்கே 1953-இல் எவரெஸ்ட் ஏறினார். 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது களப்பயிற்சியின் தலைவரானார். 2014 மே 25-இல், அன்று பிரியாதிருந்த ஆந்திர மாநிலத்தின் சமூகநல உறைவிடப் பள்ளி மாணவர் இருவர் அதே சிகரத்தில் நின்றனர். பழங்குடிச் சிறுமி பூர்ணா மாலாவத்துக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. உடன் ஏறிய ஆனந்த்குமார் தலித் வீட்டுப் பிள்ளை. அவர்களின் பயிற்சி போனகிரிக் கோட்டைப் பாறையில் தொடங்கிற்று. அத்தகைய பாறைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

பேரிடர்த் தன்னார்வலரைப் பயிற்றும் 'ஆப்த மித்ரா' திட்டத்தை மைய அரசு 2016-இல் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு இலட்சம் பேருக்கு விரித்தது. அதில் ஏழாம் வகுப்புப் படிப்பே போதுமெனக் கொள்ளப்பட்டது. கருவிப்பையும் காப்பீடும் உண்டு என்றது அத்திட்டம். கிணற்றில் இறங்கிய நம் பாட்டனுக்குக் காப்பீடு என்ற சொல்லே தெரியாது. இனி எந்தக் குழுவில் நம் பிள்ளைகள் சேர்ந்தாலும், பதிவேட்டில் பெயர் உண்டா, காப்பீடு உண்டா, கயிற்றைக் கையாளும் பயிற்சி எல்லார்க்கும் உண்டா என்று மூன்றையும் கேட்டுவிட்டே சேரட்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பெண்களும் எழுதலாம், எழுத வேண்டும். முதல் மூன்று மாதங்கள் ஞாயிறு காலையில் ஓட்டமும் முதலுதவியும் மட்டுமே. கயிற்றை நான்காம் மாதத்தில்தான் தொடுவோம். முடிச்சுப் பழகுவதற்கு மட்டும் ஆளுக்கு இரண்டு முழம் நூற்கயிறு இன்றே தருகிறோம். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.